பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் டவுட் கேட்டு வந்தால்

நீங்கள் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று தெருவில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், மார்ச் மாதம் நெருங்க நெருங்க வாசலில் யாராவது நோட்டோடு வந்து நிற்பார்கள். "அக்கா, ஒரே ஒரு டவுட்" என்றுதான் ஆரம்பிக்கும், அப்புறம் பார்த்தால் ஒரு முழு மாடல் பேப்பர் உங்கள் மடியில் இருக்கும். டியூஷன் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு அவரவர் முறை இருக்கும், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தம்பிக்கோ அக்கா மகளுக்கோ மாடி வீட்டுப் பையனுக்கோ அவ்வப்போது உதவுகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டேட் போர்டு பிளஸ் டூ பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்கிறேன், பத்தாம் வகுப்புக்கும் அநேகமாக இதே கதைதான்.

முதல் வேலை, விடையைச் சொல்லாமல் வாயை அடக்கிக்கொள்வது. 'ஹாஸ் பீன்' என்று நீங்கள் சொன்னதும் அவன் எழுதிக்கொண்டு ஓடிவிடுவான், அடுத்த கேள்வியில் வினைச்சொல் மட்டும் மாறியிருக்கும், திரும்ப வந்து நிற்பான். "நீயா இருந்தா என்ன எழுதுவே? ஏன்?" என்று கேளுங்கள். நமக்கு வேண்டியது அந்தத் தப்பான விடைதான். தமிழில் யோசிக்கிற பிள்ளை இங்கிலீஷில் செய்கிற தப்பு பெரும்பாலும் சும்மா வருவதில்லை, அடியில் ஒரு தமிழ் வாக்கியம் இருந்துகொண்டு இழுக்கும். அது எது என்று தெரிந்துவிட்டால் பாதி விளக்கம் முடிந்தது. அதனால் "இதையே தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்பதுதான் நான் அதிகம் பயன்படுத்துகிற வாக்கியம். இங்கிலீஷை இங்கிலீஷிலேயே சொல்லித்தர வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். பேச்சுப் பழக்கத்துக்கு அது சரியாக இருக்கலாம், நாளை மறுநாள் பரீட்சை எழுதப் போகிற பையனுக்கு அது தண்டனை.

'ஐ டிட் நாட் வென்ட்' என்று ஒரு தடவையாவது எழுதாத பிள்ளையைப் பார்ப்பது கஷ்டம். டிட் வந்தால் வினை முதல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்று விதியாகச் சொன்னால் நன்றாகத் தலையாட்டுவார்கள், மறுநாள் மறுபடியும் 'வென்ட்' வந்து உட்கார்ந்திருக்கும். நான் இப்படிக் கேட்பேன்: "நேத்து ஸ்கூலுக்குப் போனியா?" "போகலைக்கா." "போனேன்னு சொல்றோம்ல, அப்ப இல்லைன்னு சொல்லும்போது ஏன் 'போனலை'ன்னு சொல்லலை?" சிரிப்பார்கள். அங்கேதான் பிடிக்க வேண்டும். 'போகவில்லை' என்பதில் 'போக' என்பது காலம் ஒட்டாத வெறும் வினை, இறந்த காலத்தை நாம் அதில் ஏற்றுவதே இல்லை. இங்கிலீஷிலும் அப்படித்தான், காலத்தை டிட் சுமந்துகொண்டுவிட்டது, வினை வெறுமனே 'கோ' என்று நிற்கும். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் எடுத்துக் காட்டினோம் என்பதால் இது மறப்பதில்லை.

'எஸ்' விவகாரத்தையும் இதோடு சேர்த்தே முடித்துவிடலாம். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது என்று ஆளுக்கொரு வால் வைத்துப் பேசுகிற பிள்ளை, இங்கிலீஷில் ஹீ, ஷீ, இட் என்று வரும்போது மட்டும் ஒட்ட வேண்டிய அந்த ஒற்றை 'எஸ்'ஸை விட்டுவிட்டு வரும். 'ஷீ கம்' என்று எழுதினால் "'அவள் வா'ன்னு சொல்லுவியா?" என்று கேளுங்கள், போதும். அந்த எஸ் ஒன்றே ஒன்றுதான், கேள்வியில் 'டஸ்' வந்துவிட்டால் அது அங்கே ஏறிக்கொண்டுவிடும், அதனால் 'டஸ் ஷீ கம்ஸ்' என்று இரண்டு இடத்தில் போடக் கூடாது.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்கும் தமிழ் ரொம்ப நன்றாகக் கை கொடுக்கும். '2020-லிருந்து', 'திங்கட்கிழமையிலிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ். 'மூன்று வருஷமாக', 'ரெண்டு மணி நேரமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். இதைச் சொன்ன பிறகு கோடிட்ட இடத்தை நிரப்புகிற கேள்வியில் தப்பு வருவது அபூர்வம். ஆனால் அதே வாக்கியத்தின் வினையில் தமிழ் காலை வாரிவிடும். 'மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், பிள்ளையும் அப்படியே 'ஐ ஆம் ஹியர்' என்று எழுதும், அங்கே 'ஐ ஹாவ் பீன் ஹியர்' என்று வர வேண்டும். அப்போது தொடங்கி இன்னும் முடியாத விஷயம் என்றால் ஹாவ், ஹாஸ் தேவை என்று சொல்லிக்கொடுங்கள். இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு: 'அவன் நேற்றே வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், இங்கிலீஷில் 'ஹாஸ் கம் எஸ்டர்டே' என்று எழுத முடியாது. எஸ்டர்டே, லாஸ்ட் இயர், இன் 2019 மாதிரி முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடி வட்டம் போடச் சொல்லுங்கள், இருந்தால் ஹாவுக்கும் ஹாஸுக்கும் அங்கே வேலை இல்லை.

'எ', 'ஆன்' கேள்விக்கு எனக்குப் பிடித்த குறுக்குவழி ஒன்று இருக்கிறது, தமிழ் மிஸ் சொல்லிக்கொடுத்த 'ஒரு', 'ஓர்' தான் அது. ஓர் ஊர், ஒரு நாடு. உயிரெழுத்துக்கு முன் ஓர். இங்கிலீஷில் ஸ்பெல்லிங்கைப் பார்க்காமல் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். 'ஹவர்' என்று ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் படிக்காமல் உச்சரிப்பது போல் 'அவர்' என்று எழுதினால் 'ஓர் அவர்', அதனால் ஆன். யுனிவர்சிட்டி ய-வில் தொடங்குகிறது, 'ஒரு யுனிவர்சிட்டி', அதனால் எ. 'ஓர் எம்.எல்.ஏ.', அதனால் ஆன். 'ஒன் ரூபாய் நோட்டு' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், நாம் 'ஒன்' என்று எழுதுகிறோம், உச்சரிப்பு 'வன்', அதனால் எ. எங்கே 'த' போடுவது என்பது பெரிய கடல், ஒரு சாயங்காலத்தில் கடக்க முடியாது. தமிழில் 'அந்த' என்று வைத்துப் படித்தால் பொருள் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இதுவரை தமிழ் பெரும்பாலும் நம் பக்கம் நின்றது. நேர்கூற்று, அயற்கூற்றில் எதிர்ப்பக்கம் போய்விடும், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். ரவி மீனாவிடம் சொல்கிறான்: 'ஐ வில் மீட் யூ ஹியர் டுமாரோ.' இதை மூன்றாவது ஆளிடம் சொல்லச் சொன்னால் தமிழ்ப் பிள்ளை என்ன சொல்லும்? "நாளைக்கு உன்னை இங்கே பார்க்கிறேன்னு ரவி மீனாகிட்ட சொன்னான்." பாருங்கள், ரவியின் வாயிலிருந்து வந்ததை அப்படியே தூக்கி வைத்துப் பின்னால் ஒரு 'என்று' ஒட்டியாகிவிட்டது. தமிழில் அது சரி. இங்கிலீஷில் அதே கணக்கில் எழுதினால் 'ரவி செட் தட் ஐ வில் மீட் யூ' என்று வரும், அதற்கு மார்க் கிடைக்காது.

இந்த இடத்தில் மட்டும் தமிழில் சொல்லச் சொல்லாமல், மேற்கோள் குறிக்குள் இருக்கிற ஒவ்வொரு சொல்லின் மேலும் விரல் வைத்துக் கேளுங்கள். இந்த 'ஐ' யாரு? ரவி, அதனால் ஹீ. இந்த 'யூ' யாரு? மீனா, அதனால் ஹர். 'ஹியர்' எங்கே? ரவி நின்ற இடம், நாம் இப்போது அங்கே இல்லை, அதனால் தேர். 'டுமாரோ' எந்த நாள்? ரவி பேசிய நாளுக்கு மறுநாள், அதனால் த நெக்ஸ்ட் டே. இந்த நாலும் முடிந்த பிறகு கடைசியாகக் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளுங்கள், வில் என்பது வுட் ஆகும். 'ரவி டோல்ட் மீனா தட் ஹீ வுட் மீட் ஹர் தேர் த நெக்ஸ்ட் டே.' நிறையப் பேர் முதலில் காலத்தை மாற்றச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆட்கள் யார் என்று புரிவதற்கு முன் காலத்தில் கை வைத்தால் பிள்ளை குழம்பிப்போகும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி வாக்கியம் என்றால் இன்னும் ஒரு பள்ளம் உண்டு. 'ஹீ ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதுவார்கள். அயற்கூற்றுக்குள் வந்த பிறகு அது கேள்வியாக நிற்பதில்லை, சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வந்துவிடுகிறது: 'வேர் ஐ வாஸ் கோயிங்'. கேள்விக்குறியும் கிடையாது. ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியாக இருந்தால் நடுவில் 'இஃப்', அதோடு சேர்த்து 'தட்' போடக் கூடாது.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். 'தோ' என்று தொடங்கினால் நடுவில் 'பட்' வேண்டாம், 'பிகாஸ்' என்று தொடங்கினால் 'ஸோ' வேண்டாம், இரண்டில் ஒன்று போதும். டேக் கொஸ்டினுக்கு எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போடுவது நம் 'இல்லையா' செய்கிற வேலை, முன்னால் இருக்கிற துணைவினையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். செயப்பாட்டு வினைக்கு மாற்றும் முன் 'எதை?', 'யாரை?' என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் இருந்தால் அந்தப் பதில்தான் முன்னால் வரும்.

பாடல்களுக்கு வருவோம். இங்கே நமக்குப் போட்டி கைடு. பாடலையே படிக்காமல் கைடில் இருக்கிற பாராவை நெட்டுரு போட்டு வருகிற பிள்ளைகள் ரொம்பப் பேர், 90 மதிப்பெண் தாளில் ஐந்து மார்க் கேள்விகளே 7 இருக்கும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நெட்டுரு போட்டதில் நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும், அது ஒன்றுதான் சிக்கல். பாடல் புரிந்தால் மறந்த இடத்தில் சொந்தமாக ஒரு வரி போட்டு ஒப்பேற்றிக்கொள்ளலாம். இப்படிச் சொன்னால்தான் பிள்ளைகள் காது கொடுப்பார்கள், இலக்கியம் மனதை விரிவாக்கும் என்று ஆரம்பித்தால் போனை எடுத்துவிடுவார்கள்.

பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கிற ஷேக்ஸ்பியரின் 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சத்தமாக இரண்டு தடவை படிக்கட்டும், புரியாத சொல்லுக்கு நிற்க வேண்டாம். அப்புறம் மூன்று கேள்வி: யார் பேசுகிறார், யாரிடம், எப்போது? "ஷேக்ஸ்பியர் பேசுறாரு" என்பார்கள். இது 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் இரண்டாம் அங்கம் ஏழாம் காட்சி, பேசுவது ஜேக்விஸ் என்ற ஒரு சிடுமூஞ்சி. நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட டியூக் ஒருவர் காட்டில் இருக்கிறார், அவரோடு இருக்கிற ஆள் இவன். நம்மை விடத் துயரப்படுகிறவர்களும் உலகத்தில் உண்டு, இந்த உலகமே ஒரு பெரிய நாடகக் கொட்டகை என்று டியூக் சொல்ல, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு இவன் ஆரம்பிக்கிறான். பேசுகிறவன் எதிலும் குறை காண்கிற ஆள் என்று தெரிந்ததும் பாட்டின் தொனியே மாறிவிடும்.

இப்போது மனித வாழ்க்கைக்கு அவன் சொல்கிற ஏழு பருவத்தையும் தமிழில் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். தாதியின் கையில் அழுது கக்குகிற குழந்தை, பையை மாட்டிக்கொண்டு நத்தை மாதிரிப் பள்ளிக்கூடம் போகிற பையன், காதலியின் புருவத்தைப் பற்றிப் பாட்டு எழுதிக்கொண்டு உலை மாதிரிப் பெருமூச்சு விடுகிற காதலன், படைவீரன், தொந்தி வைத்த நீதிபதி, செருப்பும் மூக்குக்கண்ணாடியுமாகத் தொளதொளத்துப்போன கிழவர், கடைசியில் பல்லும் கண்ணும் ருசியும் ஒன்றுமில்லாமல் திரும்பக் குழந்தை. நம் பிள்ளைகள் இதில் இரண்டாவதுக்கு உடனே சிரித்துவிடுவார்கள், 400 வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பையன் அப்படியேதான் போய்க்கொண்டிருக்கிறான்.

படைவீரனிடம் கொஞ்சம் நில்லுங்கள். வீரமும் தைரியமும் நிறைந்தவன் என்று எழுதிக் கடந்துவிடுவது சுலபம். பாட்டில் என்ன இருக்கிறது? புகழுக்காகப் பீரங்கியின் வாய்க்குள்ளேயே தலையைக் கொடுக்கப் போகிறான், அந்தப் புகழுக்கு ஷேக்ஸ்பியர் வைத்த சொல் 'பபிள்', நீர்க்குமிழி. "ஏன் குமிழி? ஏன் கிரீடம்னு சொல்லலை?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ஒரு நிமிஷம் ஆகும். "உடைஞ்சிரும்ல" என்று வரும். உடைகிற ஒன்றுக்காக உயிரைக் கொடுக்கிறவனை ஜேக்விஸ் புகழ்கிறானா, கிண்டல் செய்கிறானா என்று அடுத்த கேள்வி. இந்த இரண்டு கேள்வியில் கிடைப்பது ஏதோ ஒரு கைடில் பாராவாக இருந்தாலும் பிள்ளையின் தலையில் இப்படி உட்காராது.

நேரம் இருந்தால் இதையும் சொல்லுங்கள், பரீட்சைக்குத் தேவையில்லை, ஆனால் நன்றாக இருக்கும். முதுமை என்றால் ஒன்றுமில்லாமல் போவது என்று ஜேக்விஸ் பேசி முடித்ததும், அடுத்த நொடி ஒர்லாண்டோ என்ற இளைஞன் ஆதாம் என்ற கிழவரைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்கிறான். 80 வயதை நெருங்கிய வேலைக்காரர், எஜமானனின் மகனுக்காகத் தன் சேமிப்பை எல்லாம் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தவர். ஜேக்விஸ் சொன்னது முழு உண்மையா என்று நாடகமே கேட்டுவிடுகிறது.

அணிகளுக்குத் திரும்பத் தமிழ் வகுப்பையே கூப்பிடுங்கள். மலர் போன்ற முகம் உவமை, முகமலர் உருவகம். அவ்வளவுதான் சிமிலியும் மெட்டஃபரும். 'லைக் ஸ்னெய்ல்', 'லைக் ஃபர்னஸ்' உவமை. உலகமே மேடை, புகழே குமிழி, இவை உருவகம். ஆனால் 'லைக்' என்ற சொல்லைக் கண்டாலே சிமிலி என்று எழுதுகிற பழக்கத்தை உடைக்க வேண்டும், 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதில் எதையும் எதற்கும் ஒப்பிடவில்லை. அலிட்டரேஷன் என்பது கிட்டத்தட்ட நம் மோனை: 'குவிக் இன் குவாரல்', 'ஷ்ரங்க் ஷாங்க்'. எழுத்தைப் பார்க்காமல் ஓசையைக் கேட்கச் சொல்லுங்கள். ரைம் ஸ்கீம் கேட்டால் எதுகை என்று நினைத்து இரண்டாம் எழுத்தைத் தேடுவார்கள், வரியின் கடைசியில் ஒலி ஒன்றுவது நம் கணக்கில் இயைபு.

பாடலின் ஒரு வரியைக் கொடுத்து இடம் சுட்டிப் பொருள் விளக்கச் சொல்கிற, இ.ஆர்.சி. என்கிற மூன்று மார்க் கேள்விக்கு முன்பு கேட்ட அந்த மூன்று கேள்வியே பாதி விடை. எந்தப் பாடல், யார் எழுதியது, யார் எப்போது சொல்கிறார், அந்த வரிக்கு என்ன பொருள். ஐந்து மார்க் பாராவுக்கு, பிள்ளை முதலில் தமிழில் வாயால் சொல்லட்டும், நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். அப்புறம் அதையே குட்டிக் குட்டி இங்கிலீஷ் வாக்கியங்களாக அது எழுதட்டும். கைடில் இருந்து பெரிய பெரிய சொல்லாக எடுத்து ஒட்டினால் மற்ற வரிகளோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும், திருத்துகிறவருக்கு உடனே தெரியும்.

எழுதியதைத் திருத்தும்போது சிவப்புப் பேனாவைத் தூர வையுங்கள். பத்துத் தப்பு இருந்தால் பத்தையும் காட்டினால் ஒன்றும் நிற்காது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற தப்பு ஒன்றை மட்டும் எடுத்து, வரிக்கு அடியில் கோடு போட்டு, "இதில் என்ன கோளாறு, நீயே பார்" என்று திருப்பிக் கொடுங்கள். போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு விடையை எழுதி வந்தால் திட்ட வேண்டாம், புத்தகத்தை மூடிவிட்டு அந்த விடையில் ஒரு வரிக்கு மட்டும் விளக்கம் கேளுங்கள், நிலவரம் புரிந்துவிடும், உங்களுக்கும் அவனுக்கும். உங்களுக்கே ஒன்று தெரியாவிட்டால் "தெரியலைப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் "உங்க மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியலை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏதாவது முரண்பட்டால் புத்தகத்தின் பின்னால் இருக்கிற பயிற்சியைப் பாருங்கள், அதுவும் சரிப்படவில்லை என்றால் வகுப்பிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள்.

இத்தனையும் சொன்னேனே, பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி வருகிற பிள்ளைக்கு இது எதுவும் பொருந்தாது. அன்றைக்கு விடையை நேராகச் சொல்லிவிடுங்கள். ஏன், எதற்கு என்றெல்லாம் ஆராயாதீர்கள், புதிதாக ஒரு பாடலைத் திறக்கவும் விடாதீர்கள். சின்ஸ், ஃபார் மாதிரி கையில் நிற்கிற ஒரு மார்க் விஷயங்களை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், கேள்வித்தாள் படிக்கக் கொடுக்கிற 10 நிமிஷத்தில் எந்தச் சாய்ஸை எடுப்பது என்று முடிவு பண்ணிவிடச் சொல்லுங்கள். அப்புறம் ஹால் டிக்கெட்டும் ரெண்டு பேனாவும் பையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, எட்டரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.